இருமினா மைக் கட்

ஹலோ அண்ணனுக்குப் பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். மேடை மேடையாக "ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டியே முப்பது வருஷம் ஓட்டியதில் அது காணாமல் போய்விட்டது. மனைவியே "ஹலோ, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

பேச்சாளர் இறங்கியதும் எச்சில் தெறித்த மைக்கைக் கையில் வாங்குகிறவர் மைக் செட்காரர்தான். போன வருஷம் தையல் தொழிலாளர் மாநாட்டில் பதினொரு தீர்மானம் போட்டார்கள். பன்னிரண்டாவதாகச் சளிக்காய்ச்சலையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டு வீடு போனார்கள். ஒரு வாரம் ஊரில் ஒரு தையல் மெஷின் ஓடவில்லை. வேலைநிறுத்தத்துக்குக்கூட அப்படி ஒத்துழைப்பு கிடைத்ததில்லை!

இந்த வருஷ மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால் ஹலோ அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாநாட்டன்று காலை மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"போங்க, வேணாங்கல. அங்கேருந்து எதையாவது ஒட்டிக்கிட்டு வந்தா, அஞ்சு நாளைக்குப் பேத்தி பக்கம் தலை காட்டக் கூடாது."

"அஞ்சு நாளா? அதுக்குள்ள அவ என்னை மறந்துடுவாளே!"

"அவ இன்னும் கண்ணையே சரியாத் தொறக்கல. மறக்கிறாளாம்!"

மண்டபத்துக்குப் போனதும் அண்ணன் ஜன்னல்களை மறைத்திருந்த பேனர்களையெல்லாம் சுருட்டச் சொன்னார். காற்று உள்ளே வந்தது. அடுத்து, சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் அக்காவிடம் ஓடினார். அரை மணியில் பதினைந்து துணித் தொப்பிகள் தயார், மைக்குக்கு! ஒவ்வொரு பேச்சாளருக்கும் மைக்கில் ஒரு புதுத் தொப்பி. பேசி முடித்ததும் குச்சியால் தூக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்.

கடைசியில் தலைவர் வந்தார். மூக்கு சிவந்து, கண் கலங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. வராவிட்டால் துணைத்தலைவர் பேசிவிடுவாராம். அதனால் வந்துவிட்டார்.

"தலைவரே, ஒரே ஒரு விதி. இருமினா மைக் கட்."

"யாருய்யா போட்டது?"

"என் பேத்தி. வயசு மூணு நாள்."

தலைவர் முறைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "தோழர்களே, நாம் ஒன்றுபட்டு... லொக், லொக்..."

டக். தலைவரின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மண்டபமே விசிலடித்தது. மறுபடி பேசினார், மறுபடி இருமல், மறுபடி டக். முன்வரிசையிலிருந்து காஜா அக்கா கத்தினாள்: "இன்னொரு தடவை இருமுங்க தலைவரே, வீட்ல வேலை கெடக்கு!"

ஒரு மணி நேரப் பேச்சு ஏழு நிமிஷத்தில் முடிந்தது. அவ்வளவு கைதட்டல் தலைவர் ஆயுளில் வாங்கியதில்லை. பன்னிரண்டாவது தீர்மானம், "இருமினா மைக் கட்", ஒரு கை பாக்கியில்லாமல் நிறைவேறியது.

பூரித்துப்போன தலைவர் மேடையிலிருந்து தாவி, ஹலோ அண்ணனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"அச்ச்ச்!"

முகம் முழுக்க.

வீட்டில் அண்ணன் மறைக்கவில்லை. மனைவி முழுதாகக் கேட்காமலே பாயைச் சுருட்டி, மைக் செட் வைக்கும் ஷெட்டில் போட்டாள். அவர் சும்மா இருப்பாரா? ஒயரை ஜன்னல் வழியாக விட்டு, தொட்டில் அறையில் குட்டி ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வைக்கச் சொன்னார். சுவிட்ச் மகள் கையில்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தை வீல் வீலென்று கத்தியது. ஷெட்டிலிருந்து தாத்தா தொடங்கினார்: "ஹலோ, ஹலோ... ஆராரோ..."

அழுகை டக்கென்று நின்றது! அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சுருதியை ஏற்றினார். தொண்டை கரகரத்தது. லொக், லொக்...

டக்.

ஜன்னலில் மகள் தலை தெரிந்தது. "தீர்மானம் எல்லாருக்கும் ஒண்ணுதான்ப்பா!"

"ஒரே ஒரு இருமலும்மா! திருத்தம் கொண்டு வர்றேன். ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க!"

மனைவி கையைக் கட்டிக்கொண்டாள். மகள் சிரித்துக்கொண்டே, மறுபடி கத்த ஆரம்பித்த குழந்தையை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தாள். துணிச்சுருளிலிருந்து சுண்டைக்காய் அளவு முஷ்டி ஒன்று மேலே நீண்டது.

ஷெட்டுக்குள் அண்ணன் குதித்தார். "ஓட்டு விழுந்துருச்சு! மைக்கைப் போடு!"