துரையும் தோல் கையுறையும்

தகரம் வெட்டும் கத்தரியால் கையுறையின் நடுவிரலை நறுக்கிக்கொண்டிருக்கிறார் வெல்டர். ஆட்காட்டி விரல் முந்தாநாளே போய்விட்டது. மேசை விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, தன் சொத்தை யாரோ சூறையாடுவதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறது கிளிக்குஞ்சு. பெயர் துரை.

"துரை கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒரு விரல், அதான் நம்ம ஒப்பந்தம்," என்கிறார். துரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். பட்டறை இரைச்சலுக்குப் பழகிய குரல். வீட்டில் தண்ணீர் கேட்டால் அடுத்த வீட்டில் சொம்பை எடுப்பார்கள். குஞ்சு வந்ததிலிருந்து அந்தக் குரல் பாதியாகிவிட்டது. தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓடுகிறார். முப்பது வருடக் குடித்தனத்தில் தனக்குக் கிடைக்காத மரியாதை இது என்று மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

துரை வந்த கதை அவ்வளவு சிரிப்பானதில்லை. ஒரு மொட்டைமாடியில் நின்ற பழைய இரும்புக் குழாய்த் தூணை இவர் அறுத்துச் சாய்த்த பிறகுதான், உள்ளே ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது. இறகு முளைக்காத ஒரே ஒரு குஞ்சு. தாய்க்கிளிக்காக இருட்டும்வரை காத்திருந்தார், வரவில்லை. "அது வீட்டை நான்தானே அறுத்தேன்? விட்டுட்டு வர மனசு வருமா?" என்று கேட்கிறார், யாரும் குற்றம் சொல்லாதபோதே.

கையில் மாட்டியிருந்த தோல் கையுறையிலேயே அள்ளிக்கொண்டு வந்தார். தப்பு அங்கேதான் தொடங்கியது. கையுறைக்குள்தான் குஞ்சு தூங்கியது. அதன் வாசலில்தான் மாவுக் கரைசலைக் கரண்டியிலிருந்து வாங்கிக் குடித்தது. காய்ப்பேறிய தன் விரல் குத்துமோ என்று அவரும் ஆறு வாரம் வெறுங்கையால் தொடவேயில்லை. விளைவு, துரைக்குக் கையுறைதான் அம்மா. நாற்காலியில் அது சும்மா கிடந்தாலும் போய் ஏறிக்கொண்டு கொஞ்சும். வெறுங்கை நீண்டாலோ, திருடன் புகுந்ததுபோல் ஊரைக் கூட்டும்.

"ஊட்டி வளர்த்தது நான், பேரு இந்தத் தோலுக்கு!" என்று சக்களத்தியைப் பார்ப்பதுபோல் கையுறையை முறைக்கிறார்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, இப்ப குத்துது குடையுதுன்னா?" என்கிறாள் மனைவி.

வருகிற திங்கட்கிழமை அவர் வெளியூர் வேலைக்குப் போகவேண்டும். பத்து நாள். துரை கிண்ணத்தில் வைத்தால் கவிழ்த்துவிடும். கையுறை விரலில் பிடித்துக் கொடுத்தால்தான் தின்னும். மனைவி அதை மாட்டிப் பார்த்தாள். பாதி காலியாகத் தொங்கிய விரல்களைக் கண்டு துரை முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கோ அந்த வளைந்த மூக்கைப் பார்த்தாலே நடுக்கம். பத்து நாளில் குஞ்சு பட்டினியில் செத்துவிடும் என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை. அதனால்தான், யார் வெறுங்கையால் கொடுத்தாலும் தின்னப் பழக்குவதற்காக, இந்த விரல் நறுக்கும் வைத்தியம்.

ஆனால் துரை லேசுப்பட்ட ஆளா? நடுவிரல் வெளியே வந்ததும் மோதிர விரலுக்கு இடம் மாறியது, அதுவும் போனபின் சுண்டுவிரலுக்கு, கடைசியில் கட்டைவிரல். கடன்காரனைக் கண்டு தெரு மாறி நடப்பவனைப்போல, வெறும் விரலைத் தொடாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டது.

ஞாயிறு காலை. கையுறையில் விரலே மிச்சமில்லை. அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஊறிய கடலை ஒன்றை நுனியில் பிடித்து வெறுங்கையை நீட்டுகிறார். துரை கடலையைப் பார்க்கவில்லை. நேராக விரலைக் கவ்வுகிறது. ரத்தம் துளிர்க்கிறது.

"ஏங்க, கையை எடுங்க!"

"எடுத்தா அது பயந்துடும்," என்கிறார் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குஞ்சிடம், பாதிக் குரலிலும் பாதியாக: "கடிச்சுக்கோடா. நான்தான்."

நெடுநேரம். அவர் கை அசையவில்லை. மெல்லப் பிடி தளர்கிறது. தடித்த நாக்கு வெளியே வந்து, தீப்பொறி பட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. கடலையை வாங்கிக்கொள்கிறது. ஒரு காலைத் தூக்கி விரல்மேல் வைக்கிறது, யோசித்து, மறுகாலையும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"உட்கார்ந்துடுச்சுங்க!" என்று மனைவி கிசுகிசுக்கிறாள்.

அவர் இடது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பற்றுகிறார். "ஐயோ, நான் மாட்டேன்பா," என்று அவள் பின்வாங்க, விடாமல் இழுத்து, விரித்த உள்ளங்கையைத் துரை நிற்கும் தன் கையோடு ஒட்டி வைத்து, அதில் ஒரு கடலையை வைக்கிறார்.