மாமா கடையின் ஒற்றை ஐடி

மக்களே, போன வெள்ளிக்கிழமை குடும்ப குரூப்பில் எல்லோருமாக முகம் பார்த்துப் பேசினோம் அல்லவா? பெரியம்மா வீடு, அத்தை வீடு, நீங்கள், உங்கள் அம்மா, இங்கே கல்ஃபில் கம்பெனி கேம்ப்பில் நான். அப்போது உங்கள் அம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன், அவளும் ஒரு பதில் சொன்னாள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதே பதிலை உங்கள் வயதில் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது என் அப்பாவும் கல்ஃபில்தான் இருந்தார், ஒரு கம்பெனியின் ஸ்டோரில். எங்கள் வீட்டில் போன் கிடையாது. இராஜாக்கமங்கலத்தில் என் தாய்மாமா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மாமா தன் பெயரில் ஒரு சாட் ஐடி தொடங்கினார். நாளாவட்டத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் ஐடி. கல்ஃபில் இருந்த ஆண்கள் எல்லோரும் அந்த ஒன்றுக்குத்தான் வருவார்கள். தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அந்த ஐடியில் இருந்தார்கள், அதனால் நாங்களும் அதில் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை கல்ஃபில் லீவு. மத்தியானம் கடை நிறைந்துவிடும். ஹெட்போனில் ஒரு காது செத்துப்போனதால் மாமா அதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஒருத்தியின் வீட்டுக்காரர் பேசினால், முறைக்குக் காத்திருக்கும் பெண்களின் பெஞ்சே கேட்கும். "ஏட்டி, உனக்க ஆளுக்கு இருமல் கூடிருக்கு, கேட்டியா" என்று பக்கத்தில் இருப்பவள் சொல்லுவாள். அப்பா அந்தக் கறுப்பு ஸ்பீக்கருக்குள் இருப்பதாகவே எனக்கு நினைப்பு. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்குள் நுழைந்து, ஓசையில்லாமல் கிடக்கும் ஸ்பீக்கரை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கேட்டார். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், போடவா வேண்டாமா? பெஞ்சு முழுவதும் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "உங்களுக்க இஷ்டம்" என்றாள்.

அப்பா, "செரி, அடுத்த வெள்ளிக்கெழம முடிவாட்டு சொல்லு" என்றார். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார். சொல்ல என்ன கஷ்டம்?

அந்த வாரத்தில்தான் சர்ச்சில் சபைக் கமிட்டி தேர்தல் நடந்து மாமா தோற்றுப்போனார். தன் ஐடியில் பேசுகிற வீடுகளே தன்னைக் கவிழ்த்துவிட்டன என்பது அவர் கணக்கு. அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினார், ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி. வெள்ளிக்கிழமை பெஞ்சு நிறைந்ததைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகிவிட்டது. கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தார். அந்தப் பாஸ்வேர்டை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேதாகமத்தில் உள்ள பெயர்களையெல்லாம் அடித்துப் பார்த்தார். கடைசியில் ஐடியே பூட்டிக்கொண்டது. "எனக்க மாப்பிளயயும் சேத்துல்லா உள்ள வச்சுப் பூட்டிட்டீரு!" என்றாள் ஒருத்தி. பெஞ்சு சிரித்தது, அம்மா சிரிக்கவில்லை. புது ஐடி தொடங்கினாலும் கல்ஃபில் இருப்பவர்களின் ஐடி ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லாம் பூட்டினதற்குள்ளே கிடந்தன. அப்பாவைக் கூப்பிட போன் நம்பரும் இல்லை, கடிதம் போய்ச்சேர இரண்டு வாரம் ஆகும். மாதம் அதற்குமுன் முடிந்துவிடும்.

மாமாவின் மகள், எனக்கு மதினி முறை, மைனி என்று கூப்பிடுவேன், நாகர்கோவிலில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். "மாமி, அவியளுக்கு மெயில் உண்டுமா?"

அம்மா யோசித்தாள். பிறகு பரணில் ஏறி, கிறிஸ்மஸ் ஸ்டார் வைத்திருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். அப்பா முன்பு கார்கோவில் அனுப்பிய பெட்டி அது. மேலே அவர் பெயருக்குக் கீழே, கறுப்பு மையில், ஸ்டோரின் மெயில் முகவரி.

"அண்ணனுக்க ஐடிதான் பூட்டிக் கெடக்கே" என்றாள் அம்மா.

"மெயிலுக்கு எல்லாரும் ஒரே கடைக்குள்ள நிக்காண்டாம் மாமி. இது அவியளுக்க கம்பெனி மெயில். உங்களுக்கு நான் வேற ஒரு கம்பெனில தொடங்கித் தாறேன். அதுல இருந்து இதுக்குப் போவும்."

"வேற வேற கம்பெனின்னா சண்ட போடமாட்டாவளா?" என்று கேட்டேன்.

"போடுவாவ மக்கா. ஆனா ஒருத்தன் அனுப்புனத மத்தவன் வாங்கித்தான் ஆவணும். இது என்ன உனக்க மாமாவுக்க கமிட்டியா?"

கடைக்குப் போனோம். மைனி தன் அப்பாவை டீ குடிக்க அனுப்பினாள். அம்மா என்னை மட்டி வாழைப்பழம் வாங்க அனுப்பினாள். பழத்தோடு திரும்பியபோது, மைனி கடைக்கு முதுகைக் காட்டி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். மைனி என்னை உள்ளே விடவில்லை. பழக்காம்பைப் பிடித்த கை வியர்க்கும்வரை நின்றேன்.

"என்னம்மா எழுதின?"

"ஒண்ணும் இல்ல மக்கா. சொகமான்னு கேட்டேன்."

சுகமா என்று கேட்க இவ்வளவு நேரமா? விரல் பழகவில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஸ்டார் கட்டினோம். புதுவருடம் பிறந்து எல்லா வீட்டு ஸ்டாரும் இறங்கிய பிறகும் அம்மா எங்கள் வீட்டு ஸ்டாரைத் தொடவிடவில்லை. கடல்காற்றில் தாள் கிழிந்தது. ஏணி போட்டு ஒட்டினாள். "ஏட்டி, உனக்கு மட்டும் இன்னும் இயேசு பொறக்கலியா?" என்று தெரு கேலி செய்தது. ஒருநாள் கருக்கலில் ஆட்டோவில் அப்பா வந்து இறங்கினார். அந்த ஒட்டுப்போட்ட ஸ்டாருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் திரும்பிப் போகவே இல்லை.

சாட்டைவிட மெயிலுக்குச் சக்தி அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். என் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது. அத்தனை வெள்ளிக்கிழமையும் அம்மா அப்பாவோடு பேசவே இல்லை, பெஞ்சோடுதான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன வெள்ளிக்கிழமை நான் கேட்டதும் அதுதான், இன்னும் இரண்டு வருடம் இங்கே இருக்கட்டுமா என்று. பெரியம்மா முகம் ஒரு கட்டத்தில், அத்தை முகம் ஒரு கட்டத்தில், நீங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னால். உங்கள் அம்மா, "உங்களுக்க இஷ்டம்" என்றாள்.

அவள் போனுக்குக் கூப்பிட்டால் நீங்கள்தான் எடுப்பீர்கள். மெயில் பக்கம் மட்டும் நீங்கள் எட்டிப்பார்ப்பதில்லை. அன்று சாப்பாட்டுக்குப் போகாமல் கேம்ப்பின் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, அவளுடைய மெயிலுக்கு ஒற்றை விரலால் எழுதினேன். ஒன்றும் இல்லை மக்களே. சுகமா என்றுதான் கேட்டேன். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.