இன்று மட்டும் இலவசம்

என் அண்ணி பதினேழு வருடம் எங்கள் ஊர் ஷாப்பிங் மாலின் மைக்கில் தள்ளுபடி அறிவித்தவர். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் விளம்பரம் மாதிரிதான் இருக்கும். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. காலியான இடத்தில் டாக்டர்கள் குடியேறினார்கள். செருப்புக்கடை பல் ஆஸ்பத்திரியானது. நல்லவேளை, நோயாளிகளைக் கூப்பிடும் வேலை கிடைத்து, மைக் அண்ணியிடமே இருந்தது.

முதல் நாளே பழக்கதோஷத்தில் வாய் தானாக ஓடிவிட்டது: "இன்று மட்டும், ஒரு பல் பிடுங்கினால் இன்னொரு பல் இலவசம்."

காத்திருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பல் டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

அண்ணி வாய் திறப்பதற்குள் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"டாக்டர், எனக்கு ஒரு பல்லுதான் மிச்சம். அந்த இலவசத்த என் வீட்டுக்காரிக்குக் குடுத்துடுறீங்களா?"