ஆறடி இரண்டங்குலச் சட்டை

ஆம்ப்ரோஸ் டீகனின் உயரம் ஐந்தடி நான்கங்குலம். மழையில் நனைந்த கம்பளி உடுப்போடு நிறுத்தால் நூற்றிருபது பவுண்டு தேறுவான். பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரொன்றில், பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிச் சம்பளம் வாங்கியதால் சுரங்கத்திலிருந்து தப்பியிருந்தான். அப்பன் நெஞ்சடைத்துச் செத்த சுரங்கம் அது. அங்கே திரும்பக் கூடாது. வாழ்க்கையில் அவன் வேறெதையும் கேட்கவில்லை.

அணியின் முதலாளி ஹோபர்ட் சாராயக்கடைக்காரர். சரக்கில் மட்டும்தான் தண்ணீர் கலப்பார் என்றில்லை. பக்கத்து ஊர் அணியில் ஒரு பனைமரம் பந்து வீசுகிறான் என்று கேள்விப்பட்டதும், தன் போஸ்டரில் டீகனை ஆறடி இரண்டங்குலம், இருநூறு பவுண்டு என்று போட்டுவிட்டார். பெற்றவள் இத்தனை வருஷம் உருளைக்கிழங்கு போட்டும் நடக்காத வளர்ச்சி, அச்சகத்தில் ஒரே மதியத்தில் நடந்தது.

அணி உடுப்புக்கு ஹோபர்ட் சொல்லியிருந்த பிலடெல்பியா தையற்காரர் மகா கெட்டிக்காரர். ஆளை அளப்பானேன் என்று போஸ்டரைப் பார்த்தே உடுப்பைத் தைத்து அனுப்பிவிட்டார்.

"மொதலாளி, இதுக்குள்ள நானும் எம்பொண்டாட்டியும் குடித்தனமே பண்ணலாம்."

"பிரிச்சுத் தச்சா போஸ்டர் பொய்யின்னு ஆயிடாதா? நீ கொஞ்சம் நல்லாச் சாப்பிடுய்யா."

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். டீகன் விஷயத்தில் ஆள் கால், ஆடை முக்கால். ஆனால் அவன் கையைச் சுழற்றும்போது அந்தச் சட்டைக்கை படபடவென்று அடித்துக்கொண்டதில், பந்து எது துணி எது என்று மட்டையாளர்களுக்குப் புரியவில்லை. வசந்தம் முழுக்க வெற்றிதான். "ராட்சசனின் தோள்வலிமை" என்று எழுதினார்கள், தினமும் அவன் பக்கத்தில் நின்று குடித்த பத்திரிகைக்காரர்கள். டீகனும் தோள்தான் என்று நம்பினான்.

பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் மனைவி டெலியா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஊரே சிரிக்குதுங்க. நாளைக்காவது பாக்க லட்சணமா நில்லுங்க."

கச்சிதமாகத் தைத்தாள். பந்தும் கச்சிதமாகத் தெரிந்தது. எதிரணி வெளுத்து வாங்கியது.

"யாருய்யா இந்தப் பொடியன்? எங்க ராட்சசன கூப்பிடுங்கய்யா!" என்று கத்தியது கூட்டம். கண்ணெதிரே இருந்தவனைத்தான்.

மறுநாளே ஹோபர்ட் அவன் கணக்கை முடித்து, நிஜமாகவே ஆறடி இரண்டங்குலம் இருந்த ஒருவனைப் பிடித்துவந்தார். போஸ்டரில் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

விஷயம் புரிந்ததும் டெலியா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டீகன் அந்தச் சட்டையை மடித்து வைத்தான்.

"அழாதடி. என் அளவுக்குன்னு யாராச்சும் தச்ச சட்டை அது ஒண்ணுதான்."

திங்கட்கிழமை சுரங்க வாசலில் மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன அடிடா நீ?"

"அஞ்சடி நாலு."

"அடி சக்கை! உன்ன மாதிரி ஆளத்தான் தேடிட்டிருந்தேன். உள்ள கூரை ரொம்பத் தாழ்வு."

அவனுடைய உயரத்தை உள்ளபடியே கேட்டு ஒருவர் மகிழ்ந்தது அன்றுதான். டீகன் விளக்கை வாங்கிக்கொண்டு, தலை குனியாமலே உள்ளே போனான்.