நேர்த்திக் கிடாயும் பேத்தியின்ர தலைமயிரும்

நான் பள்ளிக்கூடம் போகாத ஆள். அதால நான் சொல்லச் சொல்ல என்ர பேத்தி எழுதுறா. இப்ப அவவுக்குப் பதினொரு வயசு. இந்தக் கதை நடக்கேக்க ஆறு வயசு. தன்னைப் பற்றின கதையைத் தானே எழுதுறாவே எண்டு எனக்கு ஒரே சிரிப்பு. "அம்மம்மா, சிரிக்காமச் சொல்லுங்கோ, நான் எழுதிறதோ இல்லையோ" எண்டு ஏசுறா. சரி மோனை, எழுதுங்கோ.

அவவின்ர அம்மா, அதான் என்ர மகள், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவ. மருமகன் துறைமுகத்தில மூட்டை இறக்கிறவர். கப்பல் வந்தால் ரண்டு மூண்டு நாளைக்கு வீட்டுப் பக்கம் தலை காட்டமாட்டார். சாம்பல்தீவு வீட்டில நானும் பிள்ளையும்தான்.

மகள் போன அண்டைக்குப் பிள்ளை அழேல்ல. "கெட்டிக்காரப் பிள்ளை" எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் நம்பிப்போட்டன். பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சுத் தலை இழுத்து விடேக்க சீப்பு ஒரு இடத்தில வழுக்கிக்கொண்டு போகுது. வலது காதுக்கு மேல, என்ர பெருவிரல் அளவுக்கு மயிர் இல்லை. புழுவெட்டு எண்டு நினைச்சுச் சின்ன வெங்காயம் அரைச்சுப் பூசினன். வெங்காயத்தில என்ன குறை சொல்லிறது, அது நல்ல மருந்து. அதுக்குச் சரிவராத வருத்தமாப் போச்சு, அவ்வளவுதான். ஒருநாள் பாயைத் தூக்கி உதறினால் கீழ மயிர். ஒவ்வொண்டையும் விரலில சுத்தி வளையம் வளையமா ஒளிச்சு வைச்சிருக்கிறா. தன்ர தலையைத் தானே பிடுங்கியிருக்கிறா, சத்தம் போடாமல்.



வெள்ளிக்கிழமையில மகள் போனில முகம் பார்த்துக் கதைப்பா. "பிள்ளையின்ர தலையைக் காட்டுங்கோ அம்மா, ஆர் பின்னி விட்டது?" எண்டு கேப்பா. நான் அகல ரிபனாக் கட்டி அந்த இடத்தை மூடிப்போட்டு, "நான்தான், வேற ஆர்" எண்டு சொல்லுவன். பிள்ளை என்னைப் பாத்துக்கொண்டு இருப்பா.

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு டொக்டர் பிள்ளை, நல்ல தன்மையான பிள்ளை, "இதுக்குக் குளிசை, மருந்து ஒண்டும் இல்லை அம்மா. அவவின்ர கைக்கு வேலை வேணும். தன்னை விட்டிட்டுப் போகாத ஒண்டு பக்கத்தில இருக்க வேணும்" எண்டு சொன்னா. நான் இருக்கிறன்தானே எண்டு எனக்குக் கொஞ்சம் கோவம்.

திரும்பி வரேக்க பஸ் நிலையத்தில மான் நிண்டுது. எங்கட திருகோணமலை ரவுணில மான் மாடு மாதிரித்தான், மரக்கறிக் கடையடியில, கடற்கரையில, எங்கையும் நிக்கும். ஒருக்கா என்ர பையில கிடந்த வாழைப்பழத்தைச் சீப்போட இழுத்துக்கொண்டு போனது, அது வேற கதை. அண்டைக்கு ஒரு பொட்டை மான் வந்து பிள்ளையின்ர உள்ளங்கையை நக்கிச்சுது. பிள்ளை நிண்ட இடத்தில நிண்டா. அந்த அரை மணித்தியாலமும் அவவின்ர கை ஒருக்காக்கூடத் தலைக்குப் போகேல்ல. நான் பாத்துக்கொண்டே நிண்டனான். ரண்டு பஸ்சை விட்டிட்டன்.

மானை வீட்டில வளர்க்க ஏலாது, பொலிசு பிடிச்சுக்கொண்டு போகும். அப்பதான் நான் ஒரு மூளை பாவிச்சன். அந்த மூளைதான் பிழை.

என்னெண்டால், அதுக்கு முதலே கடற்கரை அம்மன் கோயிலில அம்மாளுக்கு நான் நேர்த்தி வைச்சிட்டன். "தாயே, பிள்ளையின்ர மயிர் முளைச்சுப் பின்னல் பின்னுற அளவுக்கு வரட்டும், உனக்கு ஒரு கிடாய் தாறன்" எண்டு, பத்துப் பொம்பிளையளுக்கு முன்னால வாய் விட்டுச் சொன்னனான். குடுக்கப்போற கிடாயை இப்பவே குட்டியா வாங்கிக் கட்டினால் பிள்ளைக்கும் விளையாட்டு, நேர்த்திக்கும் ஆச்சு எண்டு கணக்குப் போட்டு, கட்டைபறிச்சானில போய் ஒரு குட்டி வாங்கி, பஸ்சில மடியில வைச்சுக் கொண்டு வந்தனான். கறுப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை.

"பேர் கீர் வைக்கக் கூடாது" எண்டு பிள்ளைக்குச் சொன்னன். ஏனெண்டு சொல்லேல்ல.

காலமை எழும்பினால் பிள்ளை பூவரசங்குழை பிடுங்கப் போவா. பின்னேரம் முள்முருக்கம் இலை. மயிர் பிடுங்கின அதே ரண்டு விரலாலயும் காம்பு காம்பாக் கிள்ளி, குட்டியின்ர வாயில வைப்பா. அது தும்மினால் இவ சிரிப்பா. வீட்டில சிரிப்புச் சத்தம் கேட்டு நான் குசினியில கறியைக் கருக விட்டனான். அழுகை வந்தால் ஆட்டின்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சு, அதின்ர காதுக்குள்ள என்னவோ சொல்லுவா. ஒருநாள் படலையடியில நிண்டு கேட்டன். பேர் வைச்சிட்டா. அந்தப் பேரைச் சொல்லித்தான் கதைக்கிறா. அது அவையள் ரண்டு பேரின்ர விசயம், இதில எழுத வேண்டாம்.

மயிர் முளைச்சுது. முதல் பூனை மயிர் மாதிரி, பிறகு கறுப்பா. மற்ற ஆக்களெண்டால் சந்தோசப்படுவினம். எனக்கு அது வளர வளரப் பயம்.

ஏனெண்டு கேளுங்கோ. எங்கட கோயிலில இப்ப ஆடு வெட்டுறேல்ல. ஆனால் நேர்த்திக்குக் குடுத்த கிடாயைக் கோயில் பொங்கலண்டு ஏலத்தில விடுவினம். ஏலத்தில எடுக்கிறது இறைச்சிக்கடைக்காரர். குடுத்தால் பிள்ளை பழையபடி ஆகிடுவா. குடுக்காட்டி அம்மாள் குடுத்த மயிரை அம்மாளே எடுத்துப்போடுவா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வழுக்கை இடம்தான் என்ர கண்ணுக்கு முன்னால.

பக்கத்து வளவில என்ர மச்சாள், செத்துப்போன என்ர மனிசன்ர தங்கச்சி. பொங்கலுக்கு ஒரு கிழமை கிடக்கேக்க வேலிக்கு மேலால, "என்ன மச்சாள், கிடாய் நல்லாக் கொழுத்திட்டுது, அம்மாளுக்கோ உங்களுக்கோ?" எண்டா.

"மெல்லக் கதையுங்கோ, பிள்ளை நிக்கிறா."

"நிண்டால் என்ன? நேர்த்தியோட விளையாடக் கூடாது. பிறகு பிள்ளைக்குத்தான் ஒண்டு நடக்கும்."

திரும்பிப் பாத்தால் பிள்ளை குழையோட நிக்கிறா. குழையை ஆட்டுக்குப் போட்டிட்டு உள்ள போயிட்டா.

அடுத்த நாள் காலமை பாயைத் தூக்கினன். மூண்டு மயிர், வளையமாச் சுத்தினபடி.

நான் அப்பிடியே கோயிலுக்கு ஓடினன். பூசாரியார் சுள்ளெண்டு கதைக்கிற மனிசன். நான் அழுதழுது சொல்ல, "குடுக்கிறதோ விடுறதோ எண்டு நான் சொல்ல ஏலாது ஆச்சி. வெள்ளிக்கிழமை வாங்கோ, பூக் கட்டிப் பாப்பம்" எண்டார். எங்கட ஆக்கள் முடிவு தெரியாட்டி அப்பிடித்தான். வெள்ளைப் பூ ஒண்டு, சிவப்புப் பூ ஒண்டு, தனித்தனி வெத்திலையில மடிச்சு நாரால கட்டி, தட்டில போட்டு அம்மாளுக்கு முன்னால வைக்கிறது. சின்னப் பிள்ளை ஒண்டு எடுக்க வேணும். வெள்ளை வந்தால் கிடாய் எனக்கு, சிவப்பு வந்தால் அம்மாளுக்கு.

வெள்ளிக்கிழமை. கோயிலில வேற சின்னப் பிள்ளை ஒண்டும் இல்லை. பூசாரியார் சுத்திப் பாத்திட்டு, "இவவே எடுக்கட்டும்" எண்டார். சிவப்பு வந்தால், தன்ர கையாலயே எடுத்துக் குடுத்த மாதிரி ஆகிடுமே. வேண்டாம் எண்டு சொல்ல முதல் பிள்ளை தட்டடிக்குப் போயிட்டா. பிள்ளையின்ர ஒரு கையில ஆட்டின்ர கயிறு. மச்சாள் கதைச்ச அண்டையில இருந்து அவ கயித்தை விடுறேல்ல, கோயிலுக்கும் கொண்டு வந்திட்டா.

மற்றக் கையால தட்டில தடவினா. முதல் ஒண்டைத் தொட்டா, விட்டா. மற்றதைத் தூக்கினா. "இங்க கொண்டாங்கோ பிள்ளை" எண்டு பூசாரியார் கையை நீட்டினார். பிள்ளை குடுக்கேல்ல. என்ர முகத்தைப் பாத்தா.

ஆடு எட்டி அந்தப் பொட்டலத்தை வாங்கிச் சப்பி விழுங்கிப்போட்டுது. வெத்திலை, நார், பூ, எல்லாம்.

ஆரோ பின்னால கிளுக் எண்டு சிரிச்சினம். பூசாரியார் சிரிக்கேல்ல. "அதுக்கென்ன, மற்றதைத் திறந்தால் தெரியும்தானே, எது போனது எண்டு" எண்டு தட்டில கிடந்த பொட்டலத்தை எடுத்து நாரில நகத்தை வைச்சார்.

"திறக்காதேங்கோ ஐயா!"

நான்தான் கத்தினது. அம்மாள் கோயிலில அப்பிடிக் கத்தினது வாழ்க்கையில அந்த ஒருக்காத்தான். "அது பிள்ளை எடுத்தது இல்லை. பிள்ளை எடுத்ததை ஆடு திண்டிட்டுது. நேர்த்தி வைச்சது நான். மயிர் கேட்டனான், அம்மாள் மயிர் தந்தவ. நான் என்ர மயிரைத் தாறன். அவவுக்கு அது காணாமல் இன்னும் வேணுமெண்டால் என்னட்டக் கேக்கட்டும், பிள்ளையிட்டக் கேக்க வேண்டாம்."

"ஆச்சிக்கு வாய் கூட" எண்டார் பூசாரியார். பொட்டலத்தைத் திறக்காமல் அம்மாளின்ர காலடியில வைச்சார். பிறகு மயிர் வெட்டுற பரியாரியாரைக் கூப்பிட்டனுப்பினார்.

இடுப்பளவு மயிர் எனக்கு, அந்த வயசிலயும். கோயில் கிணத்தடியில இருந்துகொண்டு முழு மொட்டை அடிச்சன். பிள்ளை பக்கத்தில குந்தியிருந்து, விழுந்த மயிரை ஆடு தின்னாமல் காலால தள்ளித் தள்ளி விட்டா. முடிஞ்ச உடன என்ர மொட்டைத் தலையில உள்ளங்கையை வைச்சு, "அம்மம்மா, குளிருதோ?" எண்டா. பிறகு விழுந்து விழுந்து சிரிச்சா.

எண்டாலும் பயம் போகேல்ல. ஒவ்வொரு காலமையும் பாயைத் தூக்குவன். ஒரு கிழமை, ரண்டு கிழமை. மூண்டாம் மாதம் தூக்க மறந்து போனன். மறந்தது எண்டு அடுத்த நாள்தான் நினைவு வந்தது.

போன வருசம் மகள் வந்து சேர்ந்தா. அவவுக்கு எல்லாத்தையும் சொன்னன், ரிபன் கட்டி ஏமாத்தினதையும். மகள் பிள்ளையை மடியில இருத்தித் தலை இழுத்து, வலது காதுக்கு மேல கனநேரம் விரலால தேடினா. "எந்த இடம் அம்மா?" எண்டு கேட்டா. எனக்கும் காட்டத் தெரியேல்ல.

கிடாய் இப்பவும் வேலியடியில நிக்குது. போன மாதம் மச்சாளின்ர பயித்தங்கொடி முழுக்கத் திண்டிட்டுது. "அண்டைக்கே குடுத்திருக்க வேணும்" எண்டு வேலிக்கு மேலால ஏச்சு.

எழுதுறவ பேனையை வைச்சிட்டுக் கேக்கிறா: "அம்மம்மா, மற்றப் பொட்டலத்தில என்ன பூ?"

தெரியாது மோனை. தெரியவும் வேண்டாம். போய்க் கிடாய்க்குக் குழை போடுங்கோ, கத்துது.