உடையாத கண்ணாடித் துண்டு

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் சந்தேகப்பிராணி. நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டாள். ஒருமுறை நாங்கள் வாடகைக்குப் பார்த்த வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடமே "இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க" என்றாள். அதோடு அந்த வீடு போச்சு.

பழைய கட்டடங்களை விழாமல் காக்கும் இன்ஜினீயர் அவள். அன்றைக்கு என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வந்தவள், "போற வழியில சைட்ல அஞ்சு நிமிஷ வேலை அண்ணி" என்றாள். அவளுடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா?

சைட் ஒரு பழைய நூல் மில். உள்ளே புதிதாகக் கடைகள் வரப்போகின்றன. மூன்று மாடி உயர முன்சுவர் மட்டும் அப்படியே நிற்க வேண்டும். மேல் தளங்களை எடுத்தாயிற்று. மிச்சமிருந்த ஒரு தளத்தின் இரும்பு உத்தரங்களை அன்று அறுக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் அறுக்கிறவர்கள் தலையில்தான் விழும். நகரவில்லை என்று சொல்ல வேண்டியவள் இவள்.

சுவரில் விரிசல் ஓடும் இடங்களில் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டியிருந்தார்கள். விரிசல் கொஞ்சம் அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

"ஒண்ணுகூட உடையல மேடம். சரின்னு சொல்லுங்க, ஆரம்பிச்சிடலாம்" என்றார் கான்ட்ராக்டர்.

இவள் சொல்லவில்லை. "அவ்வளவு கனத்தை எடுத்திருக்கோம். ஒரு கீறல்கூட விழலையா?"

"நல்லதுதானே? உடைஞ்சாதான் உங்களுக்கு நிம்மதியா?"

"ஆமா."

"ஏம்மா, அவருதான் நல்லாயிருக்குங்கறாரே. டாக்டர் கெளம்பிடுவாரு" என்றேன், மூக்கில் வந்து விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு.

அவள் காதில் வாங்கவில்லை. சுவரோரமாகப் போய் ஒரு கண்ணாடியின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கண்ணாடி, சாந்து, அதன் அடியில் இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் ஒன்றாக ஆடின. சட்டென்று கையை எடுத்தாள்.

அதே நேரம் உள்ளே மெஷின் சத்தம் கிளம்பியது. அவசரக்காரன் எவனோ தொடங்கிவிட்டான்.

"நிறுத்து! எல்லாரும் வெளிய வாங்க!"

காதை அடைத்துக்கொண்டு சாரத்தில் நின்று அறுத்தவனுக்கு எங்கே கேட்கும்? மெஷின் வயர் என் காலடியில்தான் ஓடியது. மிக்சி புகைந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பிடுங்கிப் போட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"பழைய பூச்சைச் சுரண்டக் கூடாதுன்னு புராதனக் கட்டடப் பாதுகாப்புக் குழு சொன்னாங்க. நானும் சரி, அது மேலயே ஒட்டுங்கன்னேன்" என்றாள். "கண்ணாடி, செங்கல்லை விட்டுக் கழண்ட சுண்ணாம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. செங்கல்லு என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது."

"கிரேன் வந்து நிக்குது மேடம்."

"நிக்கட்டும். சுவரும் நிக்கணும்ல."

சுரண்டியையும் சாந்தையும் எடுத்துக்கொண்டு அவள் மட்டும் உள்ளே நடந்தாள்.

"உனக்கு மட்டும் இரும்பு மண்டையா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

வேலையாட்களோடு நானும் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்றேன். உள்ளே சுரண்டும் சத்தம். அது நின்றபோதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். ஒருவழியாகக் கையெல்லாம் சாந்தோடு வந்தாள். செங்கல் தெரிய உள்ளங்கை அகலம் சுரண்டி, புதுக் கண்ணாடி ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்தபடி ஒரு கேமராவும் வைத்திருந்தாள். எல்லோரும் அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்தது, யாரும் தொடவில்லை.

வெயில் சாய்வதற்குள் கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

சாரத்தில் நின்றவன் என்னிடம் திரும்பி, "டாக்டர் நாளைக்கும் இருப்பாருக்கா" என்றான்.

இரும்புச் சட்டம் கொண்டுவந்து சுவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒட்டிய கண்ணாடிகள் உடையவில்லை. அப்புறம்தான் உத்தரம் அறுத்தார்கள்.

குழுவினர் பார்க்க வந்தபோது பூச்சு போன அந்தச் சொட்டைகளைக் காட்டி, "பழைய பூச்சை யாரு இப்படிச் சுரண்டினது?" என்று கேட்டார்களாம்.

"நாந்தான்" என்றிருக்கிறாள். "சுவர் இருக்கு, அதனால கேக்கறீங்க."