மாப்பிள்ளை கையில் கொடுத்த சாவி

1. சரக்கு வண்டிக்கு வாங்கிய கடனில் அப்பா மூன்று மாதத் தவணை கட்டவில்லை.
2. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வசூலுக்கு ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார்.
3. அப்பா அவருக்குச் சாப்பாடு போட்டார்.
4. அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.
5. சாவியைத் தானே எடுத்துக் கொடுத்து, "ரிவர்ஸ் கியரு கொஞ்சம் இறுக்கம், பாத்து எடுங்க மாப்ள" என்று சொல்லியும் அனுப்பினார்.

நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். அன்று மாலை கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் வண்டி இல்லை. ஹாலோபிளாக் கல் ஏற்றும் அந்தக் குட்டியானை வண்டியை நம்பித்தான் எங்கள் வீடு ஓடியது.

"யாருப்பா வந்தது?"

"குளத்தூர்க்காரப் பயதான். ஒங்க அம்மா வழியில சொந்தம் வருது. வாயத் தொறந்தா மாமா மாமாங்குறான்."

அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தார். "இருபத்தஞ்சு வருசமா எங்க ஆளுகளக் கண்டாலே இவருக்கு ஆகாது. வண்டியத் தூக்க வந்தவனுக்கு மட்டும் ரெண்டு முட்டை பொரிக்கச் சொன்னாரு."

அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த இளைஞர் அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்த தாளின் போட்டோவைப் பார்க்கும் வரை. 'தவணை கட்ட இயலாததால் நானே மனமொப்பி வண்டியை ஒப்படைக்கிறேன்' என்று அதில் இருந்தது. அப்பா அதைப் படிக்கவில்லை. "ஆபீஸ்ல காட்டிட்டு சாயங்காலம் கொண்டாந்துருவேன் மாமான்னான்" என்றார்.

கடன் ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து முழுவதும் படித்தேன். வண்டியை எடுக்கும் முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. கம்பெனி மீது கொடுக்கப்போகும் மனுவுக்காக நான்கு குறிப்புகள் எழுதினேன். நோட்டீஸ் இல்லை. தாளைப் படித்துக் காட்டவில்லை. அவகாசம் தரவில்லை. நான்காவது, சாயங்காலம் திருப்பித் தருவதாகப் பொய் சொன்னது. இருப்பதில் அதுதான் வலுவானது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் லீவு போட்டு, அப்பாவை நீதிமன்ற வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அப்பா என் தாளை வாங்கிப் படித்தார். இதை மட்டும் நிதானமாகப் படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, நான்காவதை அடித்தார்.

"என்னப்பா இது?"

"இதப் போட்டா அவன் வேலை போயிரும்த்தா. அவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காக."

"நம்ம வண்டி போயிருச்சேப்பா!"

"அதுக்குத்தான் மூணு வச்சிருக்கியே."

உள்ளே இருந்த பெண் வக்கீல் அடித்திருந்த வரியைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இது வேணாமா ஐயா?"

"வேணாம்மா."

"அப்ப நோட்டீஸ கெட்டியாப் பிடிப்போம். அது கம்பெனி அனுப்ப வேண்டியது, தனி ஆள் பேரு வராது" என்றார்.

மனு கொடுத்த பிறகு மையத்தில் நடந்த முதல் சமரச அமர்வில் கம்பெனி அதிகாரி கையெழுத்துத் தாளைக் காட்டினார். நோட்டீஸ் நகலைக் கேட்டதும் தேடிப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றார்.

இப்போதைய நிலை இதுதான். அடுத்த அமர்வு வரை வண்டியை ஏலம் விட மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. வண்டி விராலிமலை ரோட்டில் அவர்களுடைய யார்டில் நிற்கிறது. பாக்கியைப் பிரித்துக் கட்டக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. அப்பா தினக்கூலிக்கு வேறொருவரின் வண்டி ஓட்டுகிறார். அந்த இளைஞர் அதே வேலையில் இருக்கிறார்.